மாற்ற முடியாதவற்றிற்கே முதல் பணம்: மடிக்கணினி வாங்கவிருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

இவ்வாண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு,



கலந்தாய்வு முடிந்து, கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் செலுத்தப்பட்ட பின்னர், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் கணக்கில் எஞ்சி நிற்கும் பெருஞ்செலவு மடிக்கணினியே ஆகும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர்ப் பல வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையிலும், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அரசின் கருவி பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்புள்ள குடும்பங்கள், அது கைக்கு வந்து பாடத்திற்குப் போதுமா என்று பார்த்த பின்னரே சொந்தச் செலவைப் பற்றி எண்ணுவது முறை. ஏனைய குடும்பங்களோ, ஒரே கடையின் ஒரே வரிசையில் 35,000 ரூபாய்க்கு ஒன்றும் 1,20,000 ரூபாய்க்கு மற்றொன்றும் வைக்கப்பட்டிருக்க, இடையிலுள்ள 85,000 ரூபாய் எதற்கான விலை என்பதை அறியாமலேயே கடைப் பணியாளரின் சொல்லையோ உறவினரின் பரிந்துரையையோ நம்பி முடிவெடுக்க நேர்கிறது. அம்முடிவைத் தாமே எடுப்பதற்கு உதவும் அளவுகோல் ஒன்றைப் பெற்றோர்முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

மடிக்கணினி ஒற்றைப் பொருளாக விற்கப்பட்டாலும் அதன் பாகங்கள் இரு வகைப்படும். வாங்கிய பின்னர்ச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் மாற்றவோ கூட்டவோ இயலும் பாகங்கள் ஒரு வகை. கருவியின் ஆயுள் முழுவதும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்துவிடும் பாகங்கள் மற்றொரு வகை. செயலி, திரை, உடற்கூடு, திரையைத் தாங்கும் கீல், குளிர்விப்பு அமைப்பு ஆகியவை நடைமுறையில் மாற்ற இயலாதவை. சேமிப்பகமும் மின்கலமும் பெரும்பாலும் மாற்றத்தக்கவை. நினைவகம் மட்டும் மாதிரிக்கு மாதிரி இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றில் அடங்கும். மாற்ற இயலாத பாகங்களுக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மாற்ற இயலும் பாகங்களைத் தேவை எழும்போது கவனித்துக்கொள்வதே குறைந்த செலவில் நீண்ட காலம் பயன்பெறும் வழியாகும். இம்மடலில் 40,000 ரூபாய்க்குட்பட்டவை சிக்கன வகை எனவும், ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவை உயர்விலை வகை எனவும், இரண்டிற்கும் இடைப்பட்டவை நடுத்தர வகை எனவும் குறிக்கப்படுகின்றன.

கடையில் முதலில் சொல்லப்படுவது செயலியின் பெயர். பெற்றோர் மிகுதியாக ஏமாறுவதும் அப்பெயரில்தான். செயலி என்பது கணக்கீடுகள் அனைத்தையும் செய்யும் சில்லு. அதனுள் தனித்தனியே வேலை செய்யவல்ல பகுதிகள் கருக்கள் எனப்படும். ‘ஐ5’ஐ விட ‘ஐ7’ எப்போதும் மேலானது என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், இன்டெல் நிறுவனத்தின் 12ஆம் தலைமுறையில் வந்த ஐ5-1235யூ, ஐ7-1255யூ என்னும் இரண்டிலும் இருப்பவை அதே 10 கருக்களே. அவற்றுள் 2 வேகக் கருக்கள், 8 சிக்கனக் கருக்கள். அவற்றின் உச்ச வேகம் முறையே 4.4 கிகாஹெர்ட்ஸும் 4.7 கிகாஹெர்ட்ஸும் ஆகும். வரைகலைத் திறனிலும் ஓரளவு வேறுபாடு உண்டு. பாடக்குறிப்பு எழுதும் மாணவரோ நிரல் எழுதும் மாணவரோ இவ்வேறுபாட்டை அன்றாட வேலையில் உணர்வது அரிது. ஆகவே, பெயரின் முன்னுள்ள எண்ணைக் காட்டிலும் பின்வரும் எண்ணும் இறுதி எழுத்துமே மிகுதியாகப் பொருள் தருகின்றன. ‘யூ’ என்று முடிவது குறைந்த மின்சாரத்தில் இயங்கி மின்கலத்தை நீட்டிப்பதற்கும், ‘ஹெச்’ என்று முடிவது கூடுதல் மின்சாரம் உண்டு கடும் வேலை செய்வதற்கும் வடிவமைக்கப்பட்டவை. அதனால் ‘ஹெச்’ வகை ஐ5 ஒன்று, ‘யூ’ வகை ஐ7 ஒன்றைத் தொடர்ச்சியான கடும் பணியில் முந்துவதும் உண்டு.

ஏஎம்டி நிறுவனத்தின் பெயரிடல் இதனினும் கவனத்தைக் கோருவது. 2023 முதல் சந்தைக்கு வந்த அதன் நான்கிலக்க ரைசன் பெயர்களில் முதல் இலக்கம் வெளியான ஆண்டையும், மூன்றாம் இலக்கம் செயலியின் உள்வடிவமைப்பு எத்தலைமுறையைச் சேர்ந்தது என்பதையும் குறிக்கின்றன. இதன்படி ரைசன் 5 7520யூ என்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பையும் 4 கருக்களையும் கொண்டது. ரைசன் 5 7530யூ என்பது அடுத்த தலைமுறையான ஜென் 3 வடிவமைப்பையும் 6 கருக்களையும் கொண்டது. பெயரில் ஓர் இலக்கமே வேறுபடும் இவ்விரண்டும் ‘ரைசன் 5’ என்ற ஒரே முத்திரையோடு விற்கப்பட்டன. மேலும், 7520யூ ஏற்பது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படும் எல்பிடிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே என்பதால், 8 ஜிபியுடன் வாங்கப்பட்ட அத்தகைய கருவி இறுதிவரை 8 ஜிபியிலேயே நிற்கும். சிக்கன வகையில் இத்தகைய செயலி மிகுதியாகக் காணப்படுவதால், முழுப் பெயரையும் எழுதி வாங்கி, அதன் உற்பத்தியாளர் வெளியிட்டுள்ள விவரப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் செலுத்துவது நல்லதன்று.

நினைவகம் எனப்படும் ரேம், திறந்திருக்கும் மென்பொருள்களும் கோப்புகளும் தற்காலிகமாகத் தங்கும் இடம். அது நிரம்பிவிட்டால் எவ்வளவு வேகமான செயலியும் காத்துக்கிடக்க நேரிடும். விண்டோஸ் 11 இயங்க 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசாஃப்ட் அறிவித்த குறைந்தபட்ச அளவாயினும், உலாவியில் பல பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு இணையவழி வகுப்பும் கேட்கும் மாணவருக்கு 8 ஜிபியே இறுக்கமானது; நான்காண்டுப் படிப்புக்கு 16 ஜிபியை இலக்காகக் கொள்வது தக்கது. ஆப்பிள் நிறுவனமே 2024 அக்டோபரில் மேக்புக் ஏர் கணினிகளின் தொடக்க அளவை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது இத்திசையையே காட்டுகிறது. இங்குதான் உயர்விலை வகை எதிர்பாராத ஒரு குறையை உடையதாகிறது. மெலிவுக்காகவும் மின்சிக்கனத்திற்காகவும் உயர்விலைக் கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. ஆப்பிளின் எம் வரிசையிலும், 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் அது செயலியின் உறைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அத்தகைய கருவியை வாங்குவோர் இறுதியாண்டின் தேவையை முதலாண்டிலேயே கணித்து வாங்க வேண்டும். இதற்கு மாறாக, சிக்கன, நடுத்தர வகைகளுள் சில மாதிரிகளில் நினைவகத்தைச் செருகும் இடம் ஒன்று காலியாக விடப்பட்டிருக்கும்; அவற்றில் 8 ஜிபியோடு தொடங்கி மேலும் ஓர் 8 ஜிபியைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு சேர்க்கும்போது இரு பட்டைகளும் ஒருங்கே வேலை செய்வதால், நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும் உள்ளமை வரைகலைத் திறனும் உயர்கிறது. நினைவகச் சில்லுகளின் விலை ஏறி இறங்கும் இயல்புடையது என்பதையும் கருதி, வாங்கும் நாளில் இரு வழிகளின் விலையையும் கேட்டறிந்து ஒப்பிடுவது நன்று.

சேமிப்பகம் என்பது கோப்புகள் நிலையாகத் தங்கும் இடம். சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட்டும், சாட்டா வகை எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 மெகாபைட்டும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதன் பல மடங்கும் தரவைப் படிக்கும். மிகக் குறைந்த விலைக் கருவிகளில் இடம்பெறும் இஎம்எம்சி என்பது பலகையோடு பற்றவைக்கப்பட்ட சேமிப்புச் சில்லு. 64 ஜிபி அளவுள்ள அதில் விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் போதாமல் போகும். ஆகவே இஎம்எம்சி உடையவற்றைத் தவிர்த்துவிட்டு, என்விஎம்இ வகையில் 512 ஜிபி இருப்பின் அதனோடு நிறுத்திக்கொள்ளலாம். 1 டெராபைட்டுக்காக மட்டும் உயர்ந்த மாதிரிக்குத் தாவ வேண்டியதில்லை. விண்டோஸ் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்டி செருகி எடுக்கத்தக்க பாகமாகவே உள்ளது; ஆப்பிளின் மேக்புக்கில் அவ்வாறில்லை.

திரையைப் பற்றிக் கடைகளில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் நாளொன்றுக்குப் பல மணி நேரம் பிள்ளையின் கண் தங்குவது அதில்தான். விலை வேறுபட்ட இரு கருவிகளும் ‘முழு எச்டி’ திரை உடையவை என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும் அது புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. கவனிக்க வேண்டியவை மேலும் மூன்று. முதலாவது, எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையா, சாய்த்தால் வெளுத்துப்போகும் டிஎன் வகையா என்பது. இரண்டாவது, நிட் என்னும் அலகில் சொல்லப்படும் ஒளிர்வு. 250 நிட் அறைக்குள் போதும் என்றாலும், வெளிச்சம் மிகுந்த வகுப்பறையிலும் பேருந்திலும் 300 முதல் 400 நிட் வரை இருந்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். மூன்றாவது, நிறப்பரப்பு. விவரப் பட்டியலில் ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ என்று குறிக்கப்பட்டிருந்தால், இணையப் படங்களுக்குரிய எஸ்ஆர்ஜிபி நிறங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே அத்திரை காட்டவல்லது என்று பொருள்; ‘100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி’ என்பது முழுமையான நிறப்பரப்பைக் குறிக்கும். சிக்கன வகையில் விலையைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் திரையிலேயே என்பதால், காட்சித் தொடர்பியல், வடிவமைப்பு, கட்டடக்கலை ஆகியவற்றைப் பயிலும் பிள்ளைகளுக்கு இவ்வொரு காரணத்திற்காகவே நடுத்தர வகைக்குச் செல்வது நியாயமாகும்.

உடற்கூடும் குளிர்விப்பும் விவரப் பட்டியலில் எண்ணாக இடம்பெறுவதில்லை. ஆயினும் உயர்விலையின் கணிசமான பங்கு அவற்றுக்கே செல்கிறது. ஒரே செயலி பொருத்தப்பட்ட இரு கருவிகளில், வெப்பத்தை நன்கு வெளியேற்றும் கருவி தன் வேகத்தை நெடுநேரம் தக்கவைத்துக்கொள்ள, மற்றொன்று சில நிமிடங்களில் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தனி வரைகலைச் சில்லு உடைய கருவிகளிலும் இதே நிலைதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினிச் சில்லு 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு மின்னளவுகளில் இயங்குமாறு கருவி உற்பத்தியாளரால் அமைக்கப்படுவதால், பெயர் ஒன்றாயினும் திறன் ஒன்றாயிராது. ஆகவே சில்லின் பெயரோடு அதன் வாட் அளவையும் கேட்டறிய வேண்டும். கீலின் உறுதியைக் கடையிலேயே சோதிக்கலாம். திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறக்கும்போது அது முறுக்கிக்கொள்கிறதா என்றும், விசைப்பலகையின் நடுவே அழுத்தும்போது குழிகிறதா என்றும் பார்த்தாலே கட்டமைப்பின் தரம் ஓரளவு புலப்படும். ‘ராணுவத் தர உறுதி’ என்று விளம்பரப்படுத்தப்படும் மில்-எஸ்டிடி-810ஹெச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அவற்றுள் எவற்றை நடத்துவது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்கிறார், ராணுவம் எக்கருவிக்கும் சான்று வழங்குவதில்லை. அம்முத்திரைக்காகத் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை.

மின்கலத்தைப் பொறுத்தவரை ‘10 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை விட வாட்-மணி என்னும் கொள்ளளவே நம்பத்தக்கது. 42 வாட்-மணி மின்கலம் உடைய கருவி எழுத்து வேலையில் 7 வாட் மின்சாரம் உண்ணுமானால் 6 மணி நேரம் தாங்கும். 70 வாட்-மணி உடையது அதே வேலையில் 10 மணி நேரம் தாங்கும். மின்கலம் சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு என்பதாலும், திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் அதை மாற்றுவது எளிது என்பதாலும், இது மாற்றத்தக்க பாகங்களின் பட்டியலிலேயே சேரும். விடுதியில் தங்கி, மின்செருகி அருகிலேயே கிடைக்கப்பெறும் மாணவருக்குப் பெரிய மின்கலத்திற்காகக் கூடுதல் விலை தருவது தேவையற்றது. நாள்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்து கல்லூரிக்குச் செல்பவருக்கோ எடையும் மின்கலமுமே முதன்மையானவை.

எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்குமுன் பிள்ளை பயிலவிருக்கும் பாடத்தின் மென்பொருள்களை அறிந்துகொள்வது இன்றியமையாதது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், டேலி ஆகியவை விண்டோஸுக்காகவே வெளியிடப்படுவதால், இயந்திரவியல், கட்டடவியல், வணிகவியல் மாணவர்களுக்கு மேக்புக் எவ்வளவு உயர்ந்ததாயினும் பொருத்தமானதன்று. கணினி அறிவியல் மாணவருக்குத் தனி வரைகலைச் சில்லை விட 16 ஜிபி நினைவகமே பயன்படும். மொழி, வரலாறு, பொருளியல் பயில்வோருக்குச் சிக்கன வகையின் மேற்பகுதியிலுள்ள ஒரு கருவியே தாராளமாகப் போதும். அவர்களுக்கு நல்ல விசைப்பலகையும் கண்ணுக்கு இதமான திரையுமே உண்மையான வசதி. ‘செயற்கை நுண்ணறிவுக் கணினி’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில், மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் அறிவித்த கோபைலட் பிளஸ் தகுதிக்கு நொடிக்கு 40 லட்சம் கோடிச் செயல்பாடுகளை ஆற்றவல்ல தனிச் சில்லுப்பகுதி தேவைப்படுகிறது. ஆயினும் மாணவர்கள் பயன்படுத்தும் உரையாடல் சேவைகளுள் பெரும்பாலானவை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிகளில் இயங்குபவை என்பதால், அப்பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அது ‘டாஸ்’ எனக் குறிக்கப்பட்டு விண்டோஸ் இல்லாமல் விற்கப்படுவதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

சிக்கனத்திற்கும் உயர்விலைக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நிறுவனங்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைக் கணினிகள், குத்தகைக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் புதிய சிக்கன வகையின் விலைக்கோ அதனினும் குறைவாகவோ கிடைக்கின்றன. உறுதியான உடற்கூடு, நல்ல விசைப்பலகை, எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகங்கள் ஆகிய சிறப்புகள் அவற்றில் அமைந்திருக்க, தேய்ந்திருப்பது பெரும்பாலும் மாற்றத்தக்க மின்கலம் மட்டுமே. எனினும் மூன்று சோதனைகள் கட்டாயம். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற, இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்ட செயலி உடையவற்றைத் தவிர்க்க வேண்டும். விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையில், வடிவமைத்த கொள்ளளவோடு இன்றைய கொள்ளளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்து வடிவிலான உத்தரவாதமும் ரசீதும் தராத கடையில் வாங்கக் கூடாது.

பணக்கணக்கை ஆண்டுக் கணக்காகப் பார்ப்பது தெளிவு தரும். 40,000 ரூபாய்க் கருவி மூன்றே ஆண்டில் பயனற்றுப்போனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,300 ரூபாய் ஆகிறது. 75,000 ரூபாய்க் கருவி ஆறாண்டு உழைத்தால் 12,500 ரூபாய். 1,20,000 ரூபாய்க் கருவி அதே ஆறாண்டு உழைத்தால் 20,000 ரூபாய். ஆனால் நினைவகத்தையும் மின்கலத்தையும் மாற்றத்தக்கதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 40,000 ரூபாய்க் கருவி ஒன்று, இடையில் 10,000 ரூபாய்ச் செலவோடு ஐந்தாண்டு நீடித்தால், ஆண்டுச் செலவு 10,000 ரூபாயாகக் குறைகிறது. ஒப்பீட்டின் முடிவைத் தீர்மானிப்பது கருவி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே என்பதை இக்கணக்கு காட்டுகிறது. விலையில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியுள்ளது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லப்படும் கடன் அட்டைத் திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகை தள்ளுபடியாகக் காட்டப்பட்டாலும், அவ்வட்டியின் மீதான வரியும் நடைமுறைக் கட்டணமும் வாங்குபவர் தலையிலேயே விழுகின்றன. ரொக்க விலையையும் தவணையின் மொத்தத் தொகையையும் தனித்தனியே எழுதிக் கேட்பதில் தவறேதுமில்லை.

உத்தரவாதத்திலும் இரு வகைகள் உள்ளன. பணியாளர் வீட்டிற்கே வந்து பழுது நீக்குவது ஒரு வகை. சேவை மையத்திற்குக் கருவியைக் கொண்டுசெல்ல வேண்டியது மற்றொரு வகை. சிறுநகரக் கல்லூரியில் பயிலும் பிள்ளைக்கு முதல் வகையே பொருந்தும். அதோடு, கல்லூரி அமைந்துள்ள ஊரில் அந்நிறுவனத்தின் சேவை மையம் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் அவசியம். குறைபாடுள்ள கருவிக்குத் தீர்வு மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் எங்கிருப்பினும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க இயலும். இதற்கெல்லாம் அடிப்படை ரசீது என்பதால், அதில் மாதிரியின் முழுப் பெயரும் வரிசை எண்ணும் இடம்பெற்றிருக்க வேண்டும்.

கடைக்குச் செல்லும் பெற்றோர் கேட்க வேண்டிய வினாக்கள் ஆறு: செயலியின் முழுப் பெயர் என்ன, நினைவகம் பற்றவைக்கப்பட்டதா செருகத்தக்கதா, சேமிப்பகம் எவ்வகை, திரையின் ஒளிர்வும் நிறப்பரப்பும் எவ்வளவு, மின்கலம் எத்தனை வாட்-மணி, உத்தரவாதம் எவ்வகையினது. இந்த ஆறு வினாக்களுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் 45,000 ரூபாய்க் கருவி, விடை கிடைக்காத 90,000 ரூபாய்க் கருவியை விட நம்பத்தக்க கொள்முதல் ஆகும். பிள்ளையின் படிப்புக்கு உண்மையிலேயே உயர்விலைக் கருவி தேவைப்பட்டால் அதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை; தேவைப்படாவிட்டால், மிச்சப்படும் பணத்திற்கு நான்காண்டுக் கல்லூரி வாழ்க்கையில் செலவினங்கள் வேறு பல உண்டு.

இங்ஙனம்,
பெற்றோர் நலம் நாடும் ஒருவர்